கோலமாவு ஜெயமணி மறைத்து வைத்த மூன்று குறிகள்

என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த வருஷம் எங்கள் வாசலில் கோலம் கிடையாது. தண்ணீர் மட்டும் தெளித்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். மாகறலிலிருந்து எக்ஸெல் வண்டியில் கோலமாவு கொண்டுவரும் ஜெயமணி வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு வருவாள். கூவுவது அவள் தொண்டை இல்லை. ஒரு தடவை போனில் பேசிப் பதிந்து வைத்து, வண்டி முன்னால் கட்டியிருக்கும் ஸ்பீக்கரில் அதை ஓட விடுவாள். "கோலமாவே, வெள்ளை மாவு, கலர் மாவு" என்று வரும். பிறகு ஒரு இருமல். பிறகு "சலிச்ச மாவே" என்று முடியும். பதிந்த அன்றைக்கு அவளுக்குச் சளி. இருமலை மட்டும் தனியாக எடுக்கத் தெரியாமல் அப்படியே விட்டுவிட்டாள். அந்த இடம் வரும்போது தெருப் பிள்ளைகளெல்லாம் சேர்ந்து இருமும்.

அந்த வருஷம் முழுக்க இருமல் சத்தம் ஆண்டாளம்மாள் வீட்டோடு நின்றுபோகும். பிறகு குளத்து மூலையில்தான் மறுபடி கேட்கும். நடுவில் இருப்பது என் வீடு. பல மாதம் நான் இதைக் கவனிக்கவில்லை. ஆடி மாதம் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஸ்பீக்கரை நிறுத்தி, வண்டியையும் அணைத்து, முன்னால் ஒரு மூட்டை பின்னால் இரண்டு மூட்டையோடு அந்த வண்டியை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு என் வாசலைக் கடந்துபோனாள். கோலம் போடாத வீட்டு முன்னால் கோலமாவு என்று கூவ அவளுக்கு மனம் வரவில்லை. இதை அவள் என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஜெயமணிக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது இருக்கும். அதற்கு முன்னால் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவள். சேற்றில் நின்று நின்று முழங்கால் போனபின், உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். வீட்டுக்காரர் வேதாசலம் நெல் அறுக்கிற மெஷினோடு ஊர் ஊராகப் போகிறவர். மகள் திவ்யாவை ஓரிக்கையில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகன் தன் பழைய டச் போனை மாமியாருக்குக் கொடுத்தார். அந்தப் போன்தான் அவளுக்குக் கடை. அதில் முந்நூறு கோலம் வைத்திருந்தாள். மாவுக் கை படக்கூடாது என்று பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கோலத்தைக் காட்டி, அதற்கு வேண்டிய கலரை விற்பாள்.

வாய் மட்டும் அவளுக்குச் சும்மா இருக்காது.

"இன்னாமே, முந்தாநாள் வாங்கின மாவு அதுக்குள்ள தீந்துபோச்சா? வாசல்ல போட்டியா, தோச ஊத்தினியா?"

"உன் மாவுல தோச ஊத்தினா கல்லுல ஒட்டிக்கும்டி!"

"ஒட்டினா இன்னா, வாசல்ல ஒட்டாம பறக்குதுன்னு நேத்து சண்டைக்கு வந்தியே!"

தெருவில் அவளை முறைத்துக்கொண்டு மாவு வாங்கியவர்கள் உண்டு. சிரிக்காமல் திரும்பியவர்கள் இல்லை.

வருஷத் திவசம் முடிந்து அடுத்த மார்கழி வந்தது. முதல் நாள் நான் ஜெயமணியை நிறுத்திக் கோலம் கேட்டேன். அவள் போனை உறையோடு கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, எதிர்வீட்டுக்கு மாவு அளக்கப் போய்விட்டாள். பதினைந்து புள்ளி விளக்குக் கோலம். காலண்டரில் கிழித்த தேதிக் காகிதத்தின் பின்பக்கத்தில் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டேன். கோலத்துக்குக் கீழே, ஓரமாக, ஒரே வரிசையில் மூன்று குறி இருந்தது. இடது பக்கம் பார்த்த ஒரு முக்கோணம், நடுவில் வட்டம், அப்புறம் சதுரம். சாமிக் கோலத்தில் ஒரு புள்ளி விட்டாலும் குறை என்று என் அம்மா சொல்லி வளர்த்த பெண் நான். விடாமல் மூன்றையும் வரைந்துகொண்டேன். மேலே மணி ஒன்பது நாற்பத்திரண்டு என்று இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டேன். அது மணி என்று எனக்குத் தெரியும்.

என்னிடம் அப்போது இருந்தது அமுக்குகிற பட்டன் போன். டச் போன் என் மகன் வினோத்குமாருடையது. அவன் கம்பெனிக்குப் போகும்போது அதுவும் கூடப் போய்விடும்.

மறுநாள் விடியலில் விளக்குக் கோலத்தைப் போட்டு, கீழே மூன்று குறியையும் போட்டேன். ஆண்டாளம்மாள் எதிரே வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். எங்கள் தெருவுக்கு அவள் பேச்சுதான் பேச்சு.

"இன்னா பாஞ்சாலி, கீய மூணு என்னமோ கீது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வருஷம் கழித்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. மனதில் தோன்றியதைச் சொன்னேன்.

"முக்கோணம் அம்மன் சூலத்து முனை. வட்டம் அவ நெத்திப் பொட்டு. சதுரம் பலிபீடம்."

ஆண்டாளம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்குப் போய்த் தன் வாசலிலும் போட்டாள். நான்கு நாளாகக் காணாமல் போயிருந்த அவள் செவலைப் பசு அன்று மத்தியானம் தானாகக் கொல்லைக்கு வந்து நின்றது.

அதற்கப்புறம் கேட்கவா வேண்டும்? பத்து நாளில் முப்பத்திரண்டு வீட்டு வாசலிலும் முக்கோணம், வட்டம், சதுரம். முக்கோணத்துக்குச் சிவப்பு, வட்டத்துக்கு மஞ்சள், சதுரத்துக்குப் பச்சை என்று அவர்களாகவே முறை வைத்தார்கள். கையில் அதே மாதிரிப் போன் வைத்திருந்த பெண்களும் போட்டார்கள். தினம் நூறு தடவை விரல் வைக்கிற இடம் ஒருத்தி கண்ணிலும் படவில்லை.

அந்தப் பத்து நாளும் ஜெயமணிக்குக் காய்ச்சல். பதினோராம் நாள் வந்தாள். தெரு முனையில் வண்டியை நிறுத்தினாள். ஒரு வாசலைப் பார்த்தாள், அடுத்த வாசலைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய போனைத் தூக்கிப் பார்த்தாள். மறுபடி வாசலைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ச் சூலம், பொட்டு, பலிபீடம் எல்லாம் விளக்கினேன். பசு வந்த கதையையும் சொன்னேன்.

"இத்த யாருக்கா உனக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லல. உன் போன்ல இருந்துது. அர்த்தம் எனக்குத் தோணிச்சு."

வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள். காய்ச்சல் இன்னும் விடவில்லை போல என்று நினைத்து, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இனிமேல் சொல்வதில் பாதி எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். அடுத்த முறை வரும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஜெயமணி கிளம்பி வந்தாள். வந்த நேரத்தில் என் வாசலில் செல்லியம்மன் கோயில் தர்மகர்த்தா பன்னீர்செல்வமும் ஆண்டாளம்மாளும் நின்றுகொண்டிருந்தார்கள். ஜெயமணி வண்டியோரம் மாவு அளந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தை மூன்றாம் வெள்ளிக்குக் கோயில் முன்னால் பெரிய கோலம் போடுவது எங்கள் ஊர் வழக்கம். முதல் இழையை ஒரு சுமங்கலி இழுப்பாள். மற்றவர்கள் அவள் பின்னால் போடுவார்கள்.

"இந்த வருஷம் நீ போடும்மா," என்றார் பன்னீர்செல்வம்.

 ஒரு வருஷமாக விளக்குப் பூஜை வரிசையில் எனக்கு இடம் இல்லை. கல்யாணத்துக்குப் போனால் நானாகவே கடைசித் தூணோரம் நின்றுகொள்வேன். யாரும் போ என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை.

"நான் போடலாமாண்ணா?" என்று கேட்டேன்.

பதில் ஆண்டாளம்மாளிடமிருந்து வந்தது. "அந்த மூணு குறியும் இந்தத் தெருவுல மொதல்ல யாருகிட்ட வந்துது? அம்மன் இவளத்தான் பாத்துக் குடுத்துகீறா. நீ போடுறே, அவ்ளோதான். எவளாவது வாயத் தொறந்தா எங்கிட்ட அனுப்பு."

நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். அன்றைக்கு ஜெயமணி மாவைக் கூடுதலாகவே அளந்து போட்டுவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே வண்டியை எடுத்தாள். மாகறலுக்குப் போகவில்லை. நேராக உத்திரமேரூர் பஜாருக்குப் போய், தமிழரசன் செல்போன் கடையில் இறங்கினாள். கோயில் கோலத்தன்று தெருப் பெண்கள் அத்தனை பேரும் இந்தப் போனைச் சுற்றித்தான் நிற்பார்கள். முப்பது கண் ஒன்றாகப் பார்த்தால் ஒரு கண்ணுக்காவது தெரிந்துவிடும். தெரிந்தால் தெரு சிரிக்கும். சிரித்தால் பாஞ்சாலி மறுபடி தூணோரம் போய்விடுவாள். அவள் கணக்கு இதுதான்.

"நைனா, இந்தப் போன்ல கீய கீதே, முக்கோணம், வட்டம், சதுரம், மூணையும் எடுத்துடு."

தமிழரசன் சிரித்தான். "யம்மா, அது போனா நீ எப்டி வெளிய வருவே? அதானே பின்னால போற பொத்தான்?"

"நான் முன்னால போவேன். நீ எடு."

அவன் எங்கெங்கோ போய் என்னவோ மாற்றினான். மூன்றும் மறைந்துபோயின. இனிமேல் ஓரத்திலிருந்து விரலை இழுத்தால் பின்னால் போகும், கீழேயிருந்து மேலே தள்ளினால் வெளியே வரும் என்று காட்டிக்கொடுத்தான். ஜெயமணி உறைக்குள் எட்டிப் பார்த்தாள். கீழே மெல்லிசாக ஒரு கோடு மட்டும் மிச்சம் இருந்தது.

"இது இன்னா கோடு?"

"அது சும்மா அடையாளம்மா. இருந்தா இருந்துட்டுப் போவுது."

"அத்தயும் எடுத்துடு. எங்கக்கா பாத்தா அதையும் போட்டுடும்."

அன்றிலிருந்து அவளுக்குப் பிடித்தது பேஜார். பத்து வருஷம் நாற்று நட்ட விரல் அது. மெதுவாக இழு என்றால் பிடுங்கும். கோலம் பார்க்கப் போனால் டார்ச் எரியும். டார்ச்சை அணைக்கப் போனால் மருமகனுக்குப் போன் போகும். இதில் உச்சம் ஜனவரி இருபத்தாறு. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கிராம சபைக் கூட்டம் நடக்கிறது. தெருவிளக்கு பற்றித் தலைவர் பேச எழுந்தார். வேப்ப மரத்தடியில் நின்ற ஜெயமணியின் வண்டி, "கோலமாவே, வெள்ளை மாவு, கலர் மாவு" என்று தொடங்கியது. அவள் போனை மேலே தள்ளுகிறாள், பக்கத்தில் இழுக்கிறாள், உறையோடு சேர்த்து அடிக்கிறாள். அது நிற்கவில்லை. தலைவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஸ்பீக்கர் இருமியது. கூட்டமும் சேர்ந்து இருமியது.

"யம்மா, மாவையும் தீர்மானத்துல சேத்துக்கவா?" என்றார் தலைவர்.

கடைசியில் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"பழையபடி மாத்திக்கயேன்டி, எதுக்கு இந்தப் பாடு?" என்று நானே அவளிடம் சொன்னேன்.

"இதான் இப்ப பேஷனுக்கா," என்றாள்.

மூன்றாம் வெள்ளி வந்தது. விடியலில் கோயில் வாசலைக் கழுவி, செல்லியம்மனை நினைத்து, நான் முதல் இழை இழுத்தேன். மூன்று குறியையும்தான் முதலில் போட்டேன், ஒவ்வொன்றும் ஒரு முறம் அகலத்துக்கு. பிறகு இருபத்தொரு புள்ளி குத்துவிளக்குக் கோலம் தொடங்கியது. செங்கல் மேல் சாய்த்து வைத்திருந்த போனைச் சுற்றிப் பெண்கள் குனிந்திருந்தார்கள். பாதி விளக்கு ஏறியபோது, விளக்கின் பக்கத்திலிருக்கும் கிளி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டப்போன ஆண்டாளம்மாள் ஓரத்தில் விரலை வைத்துவிட்டாள். கோலம் ஓடிப்போய்விட்டது.

ஜெயமணி பாய்ந்து எடுத்து இழுத்தாள். வேதாசலத்துக்குப் போன் போனது.

"இன்னாமே காலங்காத்தால?" என்றது அவர் குரல், தெருவுக்கே கேட்கும்படி.

"ஒண்ணுமில்ல, நாஷ்டா துன்னியா?"

"இன்னும் பல்லே வெளக்கலமே!"

"வெளக்கு, வெளக்கு," என்று அணைத்தாள். பெண்கள் மாவுக் கையோடு சிரித்தார்கள். கோலம் மட்டும் வரவில்லை.

லீவுக்கு வந்திருந்தாள் ஆண்டாளம்மாளின் மகள் சுபாஷ்ரீ. காஞ்சிபுரத்தில் காலேஜ் படிக்கிற பெண். "இங்க குடுங்கக்கா," என்று போனை வாங்கி, இரண்டு இழுப்பில் கோலத்தைக் கொண்டுவந்துவிட்டாள்.

"ஏன்க்கா இதை இப்டி வச்சிருக்கீங்க? கீழ இருக்கிறத யாரு மறைச்..."

அவள் வாய் அங்கேயே நின்றது. கண் தரைக்கு வந்தது. முறம் அகலத்தில் முக்கோணம், வட்டம், சதுரம். போனைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். உதடு துடித்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்தப் பெண் அம்மன் குறியைப் பார்த்து மெய்சிலிர்த்து நிற்கிறது என்று நினைத்தேன்.

ஜெயமணி எழுந்தாள்.  சிவப்பு மாவை ஒரு கை அள்ளி சுபாஷ்ரீயின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். பிறகு தலையை என் பக்கம் லேசாகத் திருப்பினாள். நான் முட்டி போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, விளக்கின் அடித்தண்டை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, முக்கோணத்துக்கு செவப்பு நீ போடு," என்றாள் ஜெயமணி.

சுபாஷ்ரீ என்னைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, கோட்டுக்கு வெளியே ஒரு பொடி சிந்தாமல் சிவப்பு நிரப்பினாள்.

"மறைச்சா இன்னாடி சொல்ல வந்தே?" என்று கேட்டாள் ஆண்டாளம்மாள்.

"ஒண்ணுமில்லம்மா. வெயில் மறைச்சா நல்லா தெரியும்னு சொன்னேன்."

வெயிலே அப்போது வந்திருக்கவில்லை. யாரும் கவனிக்கவில்லை. பூஜை முடிந்து பூசாரி முதல் குங்குமத்தை அந்தக் கோலத்தின் மேல் தூவினார். அன்று சாயங்காலம் விளக்கு வரிசையில் ஆண்டாளம்மாள் என்னைக் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

சித்திரையில் வினோத்குமார் எனக்கு ஒரு டச் போன் வாங்கி வந்தான். வாங்கித் திறந்தேன். கீழே முக்கோணம், வட்டம், சதுரம். அம்மா, என் போனிலும் வந்துவிட்டாயா என்று இரண்டு கையாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"யம்மா, இன்னாம்மா பண்றே? அது பின்னால போற பொத்தான்மா!"

மகன் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். நான் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. மறுநாளிலிருந்து விளக்குக் கோலம் மட்டும் போட்டேன். ஏன் குறி போடவில்லை என்று கேட்டவர்களிடம், கலர் தீர்ந்துவிட்டது என்றேன்.

ஆனி மாதம் ஜெயமணி சொல்லிக்கொண்டு போக வந்தாள். வேதாசலத்துக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை, குடியிருக்க இடமும் உண்டு. மாவு வியாபாரத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

குறி இல்லாத என் வாசலைப் பார்த்தாள். என் கையிலிருந்த புதுப் போனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"உனக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம இன்னா? நாள்பூரா அதத்தான அமுக்கிக்கினு கீறேன்."

"அப்ப ஏன்டி சொல்லல? தெருவே என்னைப் பாத்து சிரிச்சிருக்குமே."

"அதுக்குத்தான் சொல்லல."

பிறகுதான் தமிழரசன் கடைக்குப் போனது, கோட்டையும் எடுக்கச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கோட்டுக் கதையைக் கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கோடு இருந்திருந்தால் நான் அதையும் போட்டிருப்பேன். நிச்சயம் போட்டிருப்பேன்.

"அப்ப இனிமே போட வேணாந்தானே?"

"ஏன் வேணாம்? ஆண்டாளம்மா மாடு வந்துதா இல்லியா? உன்னக் கோயிலுக்குக் கூப்டாங்களா இல்லியா? என் போன்ல அது வாங்கின நாள்லேந்து இருந்துது. எந்த மாடும் வரல. நீ தரையில போட்ட அன்னிக்கு வந்துது. அப்ப அது யாருதுக்கா?"

என் போனை வாங்கிக்கொண்டாள். இப்போது அவள் விரல் நன்றாகப் பழகியிருந்தது. எங்கெங்கோ போனாள், எதையெதையோ தொட்டாள், திருப்பி என் கையில் வைத்தாள். மூன்று குறியும் இல்லை. கோடும் இல்லை. விற்காமல் நின்றுபோன ஒரு மூட்டை சிவப்பு மாவை வண்டியிலிருந்து இறக்கி என் கதவோரம் சாய்த்தாள். வண்டியை உதைத்து எடுத்தாள். ஸ்பீக்கரை ஓட விட்டாள். என் வாசலிலேயே முழுசாகக் கூவி, முழுசாக இருமியது அது. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திச் சொன்னாள்:

"செவப்பு நெறைய கீது, முக்கோணத்தப் பெருசா போடுக்கா! போன்ல எங்கனா மாட்டிக்கினு வெளிய வரத் தெரியலன்னா, ஒடனே எனக்கு ஒரு போன் பண்ணு!"